கேமரா பிடித்திருப்பவர் அவருடைய தம்பி

ராஜபாளையத்தில் எங்கள் கேபிள் சேனலில் மாலை ஏழு மணிச் செய்தி வாசித்த அக்காவுக்கு ஊர் வைத்த பெயர் ‘தெரியலக்கா’. கேலிக்கு வைத்த பெயர்தான். ஒரு நாள் செய்தியில் மூன்று இடத்திலாவது ‘அது எனக்குத் தெரியல’ என்று சொல்லிவிடுவார். செய்தி வாசிக்க உட்கார்ந்தவரே தெரியாது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? டீக்கடையில் ஒருவன் மணி கேட்டால் இன்னொருவன் அக்கா குரலிலேயே பதில் சொல்வான்: “மணி எனக்குத் தெரியலலே. ஆனா வெயிலு சாஞ்சிருச்சு. அத நான் பாத்தேன்.”

இது அக்கா காதுக்கும் போனது. கோபப்படவில்லை. “வெயிலு சாஞ்சதப் பாத்துட்டுத்தான சொல்லுதான்? அம்புட்டுப் போதும்” என்றார்.

நான் அந்தச் சேனலில் லைன்மேன். பகலில் கம்பத்தில் ஏறி ஒயர் இழுப்பேன். சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு வந்தால் கேமராமேன். நிருபர், செய்தி எழுதுகிறவர், வாசிக்கிறவர் எல்லாம் அக்கா ஒருத்தர்தான். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. அக்காவுக்குப் பின்னால் தொங்கிய நீலத்திரை, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியை நாலு மடிப்பாகத் தைத்துச் சாயத்தில் முக்கி எடுத்தது. அக்கா முன்பு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். துணியை டியூப்லைட்டுக்கு நேரே விரித்துப் பிடித்து ஓட்டை பார்க்கும் வேலை. எங்கள் சேனலில் செய்தி வாசித்த பெண் கல்யாணமாகிப் போனதும், ஒரு மாதத்துக்கு மட்டும் என்று அக்காவை உட்காரவைத்தார்கள். பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தார்.

வாசிக்கும்போது அச்சுத் தமிழ்தான் வரும். தன் சொந்தப் பொறுப்பில் ஏதாவது சொல்லும்போது மட்டும் வீட்டுப் பேச்சுக்கு இறங்கிவிடுவார். ஏதாவது ஒரு அலுவலகத்திலிருந்து ‘அனைத்துத் தெருவிளக்குகளும் சரிசெய்யப்பட்டன’ என்று தாள் வரும். அதை அழகாக வாசிப்பார். வாசித்து முடித்துத் தாளைக் கீழே வைப்பார். “இது அவிய சொன்னது. நான் வார வழியில ரெண்டு விளக்கு எரியல, அத நான் பாத்தேன். மத்தத் தெரு எனக்குத் தெரியல.” அவ்வளவுதான். திட்டுவதும் கிடையாது, பாராட்டுவதும் கிடையாது.

ஒரு வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம். கூட்டம் எத்தனை லட்சம் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். அக்கா கேமராவைப் பார்த்துச் சொன்னார்: “எம்புட்டுப் பேருன்னு நான் எண்ணல. நான் நின்ன எடத்துல கும்பிடக் கையத் தூக்க முடியல. தூக்குனவுகளால இறக்கவும் முடியல.” அந்த வருஷத் தேர்க் கூட்டத்தைப் பற்றி வந்ததிலேயே சரியான செய்தி அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். நானும் அந்த நெரிசலில்தான் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.

இந்தப் பழக்கம் அவருக்கு வந்ததற்கு ஒருவகையில் நான்தான் காரணம். முதல் வருஷம் அவரும் எல்லாரையும் போலத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் தெலுங்கு பேசுகிற ராஜுக்கள் தெரு ஒன்றில் கம்பத்தின் மேல் இருந்தேன். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் வீட்டு வாசலில் ஒரு குட்டி லாரி வந்து நின்றது. பிளாஸ்டிக் நாற்காலி இறங்குகிறது, சாமியானா இறங்குகிறது, லாரிக்குள்ளே கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி இருக்கிறது. பிணம் வைக்கிற பெட்டி. அதைப் பார்த்த பிறகு என்ன சந்தேகம்? கம்பத்தில் இருந்தபடியே அக்காவுக்குப் போன் போட்டேன். அக்காவும் ஏழு மணிக்குக் ‘காலமானார்’ என்று வாசித்துவிட்டார்.

எட்டு மணிக்குள் அந்த வீட்டு வாசலில் இருபது மாலை வந்து சேர்ந்துவிட்டது. மாலையைக் கையில் வாங்கியவர் அந்தப் பெரியவரேதான். நடந்தது இதுதான்: நாற்காலி வந்தது பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு. ஐஸ் பெட்டி போக வேண்டியது அடுத்த தெரு வீட்டுக்கு. நாற்காலி வாடகைக்கு விடுகிற கடையில்தான் ஐஸ் பெட்டியும் வாடகைக்கு விடுகிறார்கள். ஒரே வண்டியில் இரண்டையும் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையிலேயே அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். வாசலில் கால் வைக்க எனக்குக் கூச்சம். பெரியவர் உள்ளேயிருந்து, “ரா அம்மா, ரா. சாவு வீட்டுக்கு வந்தவுகள வாங்கன்னு கூப்பிடக் கூடாதும்பாக. செத்த ஆளே கூப்பிடலாம்ல?” என்றார்.

அக்கா அவர் பக்கத்தில் நின்று கேமராவைப் பார்த்தார். “நேத்து ஏழு மணிக்கு இவுக காலமாயிட்டதாச் சொன்னேன். பாக்காமச் சொன்னேன். இவுக நல்லா இருக்காக. இப்ப நான் பாக்கேன்.”

“ரெண்டு தோசை தின்னேன், அதையும் சொல்லும்மா” என்றார் பெரியவர்.

பதிவான செய்தி தானாகத் திரும்ப ஓடும்; அதனால் தப்பு முந்தின நாள் ராத்திரி இரண்டு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை என்று மூன்று முறை ஓடியிருந்தது. திருத்தத்தையும் மூன்று முறை ஓடவிட்டார். தகவல் சொன்னது நான்தான் என்று எங்கேயும் வாய் திறக்கவில்லை. ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று நானே போய்க் கேட்டேன். “வாசிச்ச வாய் என்னோடதுதான தம்பி” என்றார். அன்றிலிருந்துதான் ‘நான் பாத்தது’, ‘அவிய சொன்னது’, ‘எனக்குத் தெரியல’ என்று பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார்.

கேலி செய்த ஊர் முதல்முறையாக அந்தத் ‘தெரியல’வுக்குக் காது கொடுத்தது ஒரு ஐப்பசி மழையில். மத்தியானம் எல்லார் போனிலும் ஒரே செய்தி, பிளவக்கல் அணை உடைந்துவிட்டது என்று. வத்திராயிருப்புப் பக்கம் சனங்கள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அரசாங்க ஜீப் ஒன்று ‘யாரும் பயப்பட வேண்டாம்’ என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போனது. அதற்குப் பிறகுதான் பயம் கூடியது. “ஜீப்பு விட்டுச் சொல்லுதாகன்னா உள்ள என்னமோ இருக்குடா” என்றார்கள். நம்பிக்கை போன இடத்தில் நல்ல வார்த்தையும் கெட்ட வார்த்தையாகத்தான் கேட்கும்போல.

எங்கள் அறையில் போன் ஓயவில்லை.

“அக்கா, டேம் ஒடஞ்சிருச்சாம்ல?”

“யாரு சொன்னா?”

“குரூப்புல வந்துச்சு.”

“குரூப்புக்கு யாரு சொன்னா?”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

அக்கா சேலைக்கு மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு என் வண்டியில் ஏறினார். போகிற வழியிலிருந்தே அறைக்குப் போன் செய்தார். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற பையன்கள் அதை அப்படியே டிவித் திரையின் அடியில் எழுத்தாக ஓடவிட்டார்கள். “இப்பக் கிருஷ்ணன்கோவில்ல நிக்கேன். இதுவரைக்கும் ரோட்டுல மழைத் தண்ணி மட்டுந்தான். அதுக்கு அங்கிட்டு எனக்குத் தெரியல.” கொஞ்ச நேரம் கழித்து, “வத்திராயிருப்பு வந்துட்டேன். இங்கயும் மழைத் தண்ணிதான். அதுக்கு அங்கிட்டுத் தெரியல.” வ. புதுப்பட்டியில் ஒரு வீட்டில் முப்பது பேர் டிவி முன்னால் நின்றபடி, அக்கா எந்த ஊர் தாண்டினார் என்று பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். கான்சாபுரத்தில் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வண்டியை மறித்தார்.

“யக்கா, நாங்க போகவா, இருக்கவா?”

“எனக்குத் தெரியலண்ணே. செத்த நேரம் அந்த மேட்டுல ஏறி நில்லுங்க. போயிப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்.”

அணைக்குப் போய்ச் சேர்ந்தோம். மதகுப் பக்கம் காவலுக்கு இருந்தவர் குடைக்குள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா போனை எடுத்தார். “டேம் இருக்கு. அதுக்கு முன்னாலதான் நிக்கேன்.” அந்த ஒரு வரி ஓடியதும் கட்டிய மூட்டைகளை அவிழ்த்தார்கள். மைக் வைத்த ஜீப் சொன்னதற்கும் இதே அர்த்தம்தான். ஆனால் ஜீப் எதுவரைக்கும் போய்ப் பார்த்தது என்று யாருக்கும் தெரியாது. அக்கா எதுவரைக்கும் பார்த்தார் என்று எல்லாருக்கும் தெரியும்.

இப்போது என் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அண்ணன் ரேஷன் கடையில் விற்பனையாளர். அதே மழையில் கடைத் தகரம் ஒழுகி, பதினொரு மூட்டை அரிசி நனைந்துவிட்டது. ரேஷன் சாமான் வருகிற கிடங்கில் கேட்டதற்குத் திருப்பி அனுப்பச் சொல்லிப் போனில் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் ஒவ்வொரு மூட்டையிலும் கடை எண்ணை மை பேனாவால் எழுதி, லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டான். எதிர் மாடியிலிருந்து யாரோ அதைப் படம் பிடித்துவிட்டார்கள். ‘ஏழைகள் அரிசி கேரளாவுக்குக் கடத்தல்’ என்று மேலே எழுதி அனுப்பியும் விட்டார்கள். எங்கள் பக்கத்தில் ரேஷன் அரிசி மூட்டை வண்டியில் ஏறினால் அது மலை தாண்டித்தான் போகும் என்று சனங்கள் முடிவே கட்டி வைத்திருக்கிறார்கள். கேட்க வேண்டியதே இல்லை. மறுநாள் அண்ணனைக் கடைக்கு வர வேண்டாம் என்றார்கள். கிடங்கில் போய்க் கேட்டால் ‘விசாரணை நடக்குது’ என்ற ஒரே பதில். போனில் சொன்ன ஆள் யார் என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இல்லை.

மதினி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். அண்ணன் முன்கதவைச் சாத்தியே வைத்திருந்தான். வேலை போனாலும் பரவாயில்லை, கள்ளன் என்ற பெயரோடு எந்தக் கடைக்குப் போய் நிற்பது என்று ஒரே புலம்பல்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் போனேன். “அக்கா, எங்கண்ணன் எடுக்கலன்னு நியூஸ்ல ஒரு வார்த்த சொல்லிருங்க. நீங்க சொன்னா ஊரு நம்பும்.”

“ஒங்கண்ணன் நல்லவருன்னு எனக்குத் தெரியும். எடுக்கலன்னு எனக்குத் தெரியாதே தம்பி.”

“இத்தன வருசம் ஒங்க பின்னால கேமரா தூக்கிட்டு அலஞ்சிருக்கேன்க்கா.”

“அதனாலதான் சொல்லுதேன். இன்னைக்கு ஒனக்காகச் சும்மா சொல்லிட்டேன்னு வையி. நாளைக்கு என் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான். நான் சொன்னா நம்புதாகங்கிறது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு. அது ஒங்கண்ணனுக்குத்தான் இப்ப வேணும். வீணாக்கச் சொல்லாத.”

ஏழு மணிக்குக் கேமராவுக்குப் பின்னால் நான் நின்றேன். அக்கா வாசித்தார்: மூட்டை ஏற்றுகிற வீடியோவைப் பார்த்தேன், மூட்டை ஏறியது உண்மை. நனைந்த அரிசியை மாற்ற அனுப்பியதாக விற்பனையாளர் சொல்கிறார். கிடங்கில் பதில் சொல்லவில்லை. அந்த மூட்டைகள் எங்கே போயின என்று எனக்குத் தெரியவில்லை. இதோடு முடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். தாளைக் கீழே வைத்தார். “இன்னொண்ணும் நீங்க தெரிஞ்சுக்கிடணும். இப்ப என் முன்னால கேமரா பிடிச்சிருக்கது அந்த விற்பனையாளரோட கூடப்பொறந்த தம்பி. அதனால இந்த விசயத்துல நாளையிலருந்து கேமரா அவருகிட்ட இருக்காது.”

பாருங்கள், ஊரே பார்க்கிற செய்தியில். அதுவரை கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்றே ஊருக்குத் தெரியாது. கேமராவை அணைத்துவிட்டு இறங்கிப் போனேன். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அக்கா மேல் அன்றைக்கு எனக்கு இருந்த கோபத்தை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா தனியாகப் பஸ் ஏறிக் கிடங்குக்குப் போனார். கையில் போன் மட்டும். முதல் நாள் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் சாயங்காலம் வரை நின்றார். ஏழு மணிக்கு வந்து, “இன்னைக்கு உள்ள போக முடியல, அதனால இன்னைக்கும் தெரியல” என்று வாசித்தார். இரண்டாம் நாளும் அதே. டீக்கடையில் சிரித்தார்கள். மூன்றாம் நாள் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வெளியே வந்து, “எத்தன நாளுதான்க்கா இப்படிக் காயுவீக? அந்த நனஞ்ச மூட்டைகள எறக்குன ஆளே நான்தான்” என்றாராம். அவர் போய்ச் சொல்லி, அதிகாரியும் வேறு வழியில்லாமல் உள்ளே விட்டிருக்கிறார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் ராத்திரி அக்கா அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். கடை இருக்கிற தெருவில் விசாரித்தபோது, ஆறு மணிக்குப் பூட்ட வேண்டிய கடையை அண்ணன் ஐந்தரைக்கே பூட்டுகிறான் என்று சிலர் சொன்னார்களாம். உண்மையா என்று கேட்டிருக்கிறார். அண்ணனும் ஆமாம் என்று சொல்லிவிட்டான். அவனிடம் ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய் உண்டு. இருட்டுவதற்குள் அதைக் கண்மாய்க்கரையில் ஓடவிட்டுக் கூட்டிவர வேண்டும். அதற்காகத்தான்.

மூன்றாம் நாள் ஏழு மணி. அண்ணன் வீட்டில் டிவி முன்னால் அண்ணன், மதினி, நான். சன்னலுக்கு வெளியே பக்கத்து வீடுகளிலும் அதே குரல் கேட்கிறது. தார்ப்பாயில் கொட்டி உலர்த்திய அரிசி, கருப்புப் பிடித்த சாக்குகள், சாக்கில் அண்ணன் கையெழுத்தில் கடை எண் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். போன் ஆடியது, படம் சரியில்லை. “பதினொரு மூட்டையும் கிடங்குலதான் இருக்கு. ஒவ்வொண்ணா எண்ணி நான் பாத்தேன். வண்டி நேரா இங்கதான் வந்துச்சுன்னு எறக்குனவரு சொன்னாரு. வீடியோவுல எழுதியிருந்தது பொய்.”

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் எழுந்து நின்றுவிட்டான்.

அக்கா தாளைக் கீழே வைத்தார். “விசாரிக்கும்போது இன்னொண்ணும் கெடச்சுச்சு. இந்த விற்பனையாளர் ஆறு மணிக் கடைய அஞ்சரைக்கே பூட்டுதாரு. அவரையே கேட்டேன். ஆமான்னு ஒத்துக்கிட்டாரு. நாய நடத்திக் கூட்டிட்டுப் போகவாம்.”

“இதப் போயி எதுக்குச் சொன்னா இந்த அம்மா?” அண்ணன் ரிமோட்டைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தான். “கள்ளன் இல்லன்னதோட நிறுத்தியிருந்தா என்னவாம்? நான் மெனக்கெட்டு உண்மையச் சொன்னது தப்பாப் போச்சு!”

“சும்மா கெடங்க” என்றார் மதினி. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “நல்லவன், நல்லவன்னு மட்டும் சொல்லியிருந்தா, தம்பிகாரன் அங்கன வேல பாக்கான், சொல்லவச்சிட்டான்னு பேசியிருப்பாக. நாய்க் கதையச் சொன்னதாலதான் மத்தத நம்பப் போறாக. அந்தக்காவுக்கு ஒங்க மேல ஒரு பிரியமும் கெடையாதுன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல? அதுதான நமக்கு வேணும்.”

மூன்று நாளாக நான் திட்டிக்கொண்டிருந்த அக்கா அந்த மூன்று நாளும் எங்களுக்காக வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறார். அதைக்கூட எங்களுக்காக என்று அவர் சொல்லவில்லை. மறுநாள் மாடிப்படி ஏறிப் போய்க் கேமராவை எடுத்தேன். “மைக்குல பேட்டரி மாத்திரு தம்பி” என்றார்.

பத்து நாள் கழித்து அண்ணனை மறுபடியும் கடைக்கு வரச் சொன்னார்கள். முதல் நாள் துணைக்கு நானும் போனேன். வரிசையில் ஆட்கள் வந்தார்கள், விரல் வைத்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். யாரும் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணனும் தராசை விட்டுத் தலை நிமிரவில்லை. சாயங்காலம் வரை இப்படியே போனது. பாமாயிலுக்கு நின்ற ஒரு பொம்பளை போனை எடுத்து மணி பார்த்துவிட்டு உரக்கக் கேட்டார்:

“ஏப்பா, மணி அஞ்சரை ஆயிருச்சே. ஒன் நாயி தேடாதா?”

வரிசை முழுக்கச் சிரித்தது. அண்ணன் காது வரைக்கும் சிவந்துபோனான். பிறகு அவனும் சிரித்துவிட்டான். “தேடட்டும்மா. ஆறு மணி வரைக்கும் இருப்பேன்” என்றான்.

அடுத்து நின்றவர் மில் வேலைக்குப் போகிற அம்மா. மெஷினில் விரலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தார், பஞ்சு பிடித்துத் தேய்ந்த விரல், ரேகை விழவில்லை. தெருமுனையில் மில் பஸ் ஹாரன் அடித்தது. அந்த அம்மா பஸ்ஸைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். ரேஷன் கார்டைத் தராசுப் பக்கத்தில் வைத்தார்.

“கார்டு ஒங்கிட்டயே இருக்கட்டும்ப்பா. நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்.”

சொல்லிவிட்டு ஓடினார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் அந்தக் கார்டை எடுத்தான். சட்டைப் பையில் வைக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான். மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளே கிடந்ததையெல்லாம் ஒருபக்கமாக ஒதுக்கிவிட்டு, கார்டைத் தனியாக வைத்துப் பூட்டினான்.